நுவரெலியாவை வைத்து ஊட்டி பார்த்தவன்

1973 மார்ச் 14, புதன்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றி, அரிசியும் பாசிப்பயறும் போட்டுக் கஞ்சி வைத்தேன். புதன்கிழமை சட்டை துவைக்கும் நாள். வெள்ளைச் சட்டையைத் துவைத்து ஜன்னல் கம்பியில் போட்டேன். ஒன்பதரைக்குக் கல்லூரி, பிற்பகலில் வேதியியல் செய்முறை. நாலு மணிக்கு ஊட்டி பஸ் நிலையம் போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் அவன் இறங்கினான்.

அவனை அவன் என்றே எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் எங்காவது இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையல்ல.

அவனுக்கும் எனக்கும் ஊர் ஒன்று. இலங்கையில் நுவரெலியாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டம். அவனுடைய தாயும் தகப்பனும் அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளர்கள். என் அப்பா தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் அரிசியும் கருவாடும் விற்ற கடைக்காரர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐந்தாம் வகுப்போடு அவன் நின்றான். பிறகு தேயிலை ஃபேக்டரியில், மேல்மாடியில் கொழுந்தை வாட்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நான் படித்துக்கொண்டே போய், மாணவர் விசாவில் ஊட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

ஊட்டி எனக்கு வெளிநாடு. இதைச் சொன்னால் இங்கே சிரிப்பார்கள். எல்லாரும் தமிழ் பேசும் ஊர் எப்படி வெளிநாடாகும் என்பார்கள். காவல் நிலையத்துக்குப் போய், வந்திருக்கிறேன், இன்னும் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவனுக்கு அது வெளிநாடுதான். இரண்டு வருடம் ஆகியும் முதல் தடவை கேட்டுத் தெரிந்துகொண்ட தெருக்களில் மட்டுமே நடந்துகொண்டிருந்தேன்.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். துணிமூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு எதிரே இருந்த குதிரைப் பந்தய மைதானத்தைப் பார்த்தான். என்னை விசாரிக்கவில்லை. பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ரேஸ் மைதானம் இங்கன இருந்தா, ஏரி அந்தா அந்தப் பக்கம் இருக்கணும்" என்றான்.

"இருக்கு. உனக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நம்ம ஊர்ல எங்க இருக்கு? போவம் வா."

என் அறை எதிர்த்திசையில் இருந்தது. மூட்டையோடு ஏரிக்குப் போனோம். ஏரி அவன் காட்டிய பக்கத்திலேயே இருந்தது. அவன் அதை ஒரு தடவை பார்த்துத் தலையை ஆட்டினான். கொடுத்து வைத்த சாமான் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பவர் அப்படித்தான் தலையாட்டுவார்.

அவன் வழி கேட்க மாட்டான். அவனுடைய மற்ற குணங்களையெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே எடுத்துவிடலாம். சின்ன வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பனிமூட்டம் இறங்கிவிட்டது. கை நீட்டினால் கை தெரியவில்லை. "என் பின்னால வா" என்று நடந்தான். ஓடையைக் கடந்து, இன்னொரு ஓடையையும் கடந்து, இருட்டும் நேரத்தில் எங்கள் தோட்டத்தைத் தாண்டிய வேறொரு தோட்டத்தின் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசலில் போய் நின்றோம். நான் அழுதேன். அவன் அந்த வீட்டுக்காரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இங்கதான் வரணும்னு வந்தம்" என்றான். அந்த அம்மாள் அவனுக்கு ரொட்டியும் கொடுத்தாள். எனக்கும்தான். ஆனால் அவனுக்கு முதலில் கொடுத்தாள்.

வியாழக்கிழமைக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். முதலில் தாவரவியல் பூங்கா, பிறகு தேவாலயம், பிறகு மார்க்கெட். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவனிடம் வேறொரு திட்டம் இருந்தது.

"வெள்ளக்காரன் எங்க போனாலும் ஒரே ஊரத்தான் கட்டுவான் மச்சான். மேட்டுல மாதா கோயில். அதுக்குப் பக்கத்துல செத்த தொரைமாரப் பொதைக்கிற எடம். அதுக்குக் கீழ கிளப்பு. அதுக்கும் கீழ போஸ்டாபீசு. எல்லாத்துக்கும் கீழ, தண்ணி ஓடுற எடத்துல, மார்க்கெட்டும் நம்மளும்."

அன்று முழுவதும் அவன் முன்னால் நடக்க நான் பின்னால் நடந்தேன். இரண்டு வருடம் அங்கே இருந்தவன் நான். கிளப்பின் வேலியோரமாக வந்ததும், பின்பக்கம் சமையல்காரர்களும் தோட்டக்காரர்களும் நடக்கிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தாக வேண்டும் என்றான். இருந்தது. தொரைமார் கண்ணில் படாமல் வந்துபோகும் வழி இல்லாமல் பங்களா கட்ட மாட்டார்கள் என்றான். அந்தப் பாதையில் ஒரு தோட்டக்காரர் எங்களை நிறுத்தினார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"கீழதாங்க" என்றான் அவன், தினமும் போகிறவன் மாதிரி. அவர் விட்டுவிட்டார்.

எல்லாமே சரியாக இருந்துவிடவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் திரும்பி, இங்கே முருகன் கோயில் இருக்க வேண்டும் என்று வேகமாக நடந்தான். சந்து ஒரு வீட்டு வாசலில் முடிந்தது. ஒரு பெண் முறத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாய் ஒன்று எழுந்து நின்றது.

"இங்க கோயில் ஒண்ணு இருக்கணுமே" என்றான் அவன், அவள்தான் அதை எடுத்து ஒளித்துவைத்தவள் மாதிரி.

"இருந்தா நல்லாத்தானுங்க இருக்கும்" என்றாள் அவள். "எங்க ஊட்டுக்காரரு இங்க சீட்டாடறத உட்டுருப்பாரு."

நான் சிரித்துவிட்டேன். அவன் நாயைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "இவங்களப் பாக்கத்தான் வந்தம்" என்று என்னிடம் சொன்னான்.

அவன் ஊர் பார்க்க வரவில்லை. இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அவன் குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அதற்கு மேல் இலங்கையில் இருக்க முடியாது. கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். சிலரை நூற்பாலைக்கு அனுப்பினார்கள். சிலருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, கடை வைத்துக்கொள் என்று முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிட்டார்கள். ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டம் முன்கூட்டியே இவருக்கு வேலை தருகிறோம் என்று சொல்லிவிட்டால் நேராக மலைக்கே வந்துவிடலாம் என்று அவன் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. எந்த அளவுக்கு உண்மை என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அவன் நம்பினான். ஒரு தோட்டத்தின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தான்.

அவனுக்கு அம்மா, மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. தகப்பன் இறந்துவிட்டார். அம்மா வரவே மாட்டேன் என்றாளாம். புருஷனைப் புதைத்த மலையை விட்டு இறங்க மாட்டேன் என்று லயத்து அறையான காம்பராவுக்குள் படுத்துக்கொண்டாளாம். அவன் ஒரே ஒரு வாதத்தால் அவளை எழுப்பினான். "அங்கயும் இதே ஊருதாம்மா. பனியும் இருக்கு, கொழுந்தும் இருக்கு. எடம் மாத்திப் படுக்கிற மாதிரி."

அவள் எழுந்து, "பனி இருந்தா வாரன்" என்றாளாம்.

இதை அவன் என்னிடம் சொன்னது வெள்ளிக்கிழமை, மார்க்கெட்டில் ஒரு பாய் கடையில் தேநீர் குடிக்கும்போது. சொல்லி முடிக்கும்போது பக்கத்துப் பெஞ்சிலிருந்த ஒரு பெண் கடைக்காரரிடம், "சீனி கொஞ்சம் கூடப் போடுங்க" என்றாள். அவன் சட்டென்று திரும்பினான். இங்கே யாரும் சர்க்கரையைச் சீனி என்று கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"எந்தப் பக்கங்க?" என்றான்.

"அட்டன்" என்றாள் அவள். அதுவும் எங்கள் மலைப்பக்கத்து ஊர். அவளுடைய கைகள் விரல் நுனிவரை செம்மண் நிறத்தில் ஊறிப்போயிருந்தன. கேரட் கழுவுகிற வேலையாம், தினக்கூலிக்கு. அவர்களை முகாமிலிருந்து கீழே ஒரு நூற்பாலைக்கு அனுப்பினார்களாம். பஞ்சுத் தூசியும் வெக்கையும் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் சொல்லாமல் மூட்டையைக் கட்டி மலையேறிவிட்டார்களாம்.

"தோட்டத்துல வேல கேக்கலியா அக்கா?"

"கேக்காம இருப்பமா? நிரந்தரமா இருக்கிறவங்களுக்கே வேல பத்தலங்கிறாங்க. இந்த வருசம் பனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிப்போச்சு." தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். "நீங்க இன்னும் வரல்லியா? வராதீங்க தம்பி."

"கப்பலுக்குப் பேர் வந்திருச்சு அக்கா."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "அப்ப ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாங்க. இங்க வெல கூட" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைக்காரர் பாய்தான் அரவேணு பற்றிச் சொன்னார். கோத்தகிரிப் பக்கம் அரவேணுவில் ஒரு தோட்டத்தில் ஃபேக்டரியைப் பெரிதாக்குகிறார்களாம், கொழுந்து வாட்டத் தெரிந்த ஆள் தேடுகிறார்களாம். என் வகுப்புத் தோழன் ஒருவனின் வீடு அரவேணுவில் இருந்தது. தோழனுடைய அப்பா சிறிய தேயிலை நிலம் வைத்திருந்த படுகர். பறித்த இலையை அந்த ஃபேக்டரிக்குத்தான் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்ட பிறகுதான் பேச்சை எடுத்தார். அன்று மாலையே ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சொல்லிட்டனுங்க. வேலை தெரிஞ்ச ஆளுன்னா நமக்கும் வேணும்னாருங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஃபேக்டரிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதானுங்க."

அவன் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டான். பிறகு, "பிரட்டு எத்தன மணிக்குங்க?" என்றான்.

காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதை இலங்கைத் தோட்டங்களில் பிரட்டு என்போம். இங்கே மஸ்டர்.

"மஸ்டர் ஏழரைக்குங்க. அது வெளிவேலைக்காரங்களுக்கு. உங்களுக்கு எதுக்குங்க அது?"

"பிரட்டுல நிக்காம நேரா ஆபிசுக்குப் போனா கங்காணிய மதிக்கலன்னு ஆயிருமேங்க."

"இங்க அப்படியெல்லாம் இல்லீங்க தம்பி. பத்து மணிக்குப் போனாப் போதும்."

"சரிங்க" என்றான் அவன்.

அவன் சரி என்று சொன்னால் கேட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். அதனால் இரவு அந்த வீட்டிலேயே படுக்கும்போது நானும் ஒரு தடவை சொன்னேன். "டேய், பத்து மணிக்கு. அதுக்கு முன்னால எங்கயும் போகாதே."

"எல்லாத் தோட்டமும் ஒரே தோட்டந்தான் மச்சான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

எங்கள் பக்கத்து முறை இது. வேலை தேடி வரும் வெளியாள் யாரிடமும் போய் வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் திமிர். விடிந்ததும் பிரட்டுக் களத்துக்குப் போய், வரிசையின் கடைசியில், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கங்காணி வந்து கேட்பார். "ஐயா பாத்துக் குடுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். இன்று இல்லை என்று சொல்லிவிட்டால் உடனே போய்விடவும் கூடாது. அது கோபித்துக்கொண்டு போவதாகும். களத்தின் ஓரத்தில் குந்தியிருந்து, வரிசை கலைந்த பிறகு எழுந்து போக வேண்டும். அவனுடைய தகப்பன் அப்படி நின்றுதான் வேலை வாங்கினார். அவனும் அப்படித்தான் ஃபேக்டரிக்குள் நுழைந்தான்.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது அவனுடைய கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. தோழனின் அப்பாவும் நானும் விரைந்து நடந்தோம். தோட்டத்துக்கு யாரும் அவனுக்கு வழி சொல்லவில்லை. அவன் போய்ச் சேர்ந்திருந்தான்.

மஸ்டர் களம் ஃபேக்டரிக்கு மேலே ஒரு மேடை போன்ற இடம். பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். வரிசையின் கடைசியில், துண்டைக் கையில் மடித்துப் போட்டு, தலை குனிந்து அவன் நின்றான். களத்துக்குள் வெளியாட்கள் போகக் கூடாது என்று காவல்காரர் எங்களை வேலியிலேயே நிறுத்திவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் வரிசையின் கடைசி தற்காலிகத் தொழிலாளர்களின் இடம். பனியில் கொழுந்து கருகியதால் அந்த மாதம் அவர்களில் சிலருக்குத்தான் அன்றன்றைக்கு வேலை. நிற்கிற முறைப்படிதான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இதில் ஏற்கெனவே தகராறு இருந்தது. வெளியிலிருந்து சிலோன் ஆட்களை இறக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தியும் இருந்தது. இதெல்லாம் தோழனின் அப்பா வேலியருகே நின்று எனக்குச் சொன்னவை. சொல்லிக்கொண்டே, "இந்தத் தம்பி ஏனுங்க அங்க போய் நின்னாரு, அய்யோ" என்றார்.

மேஸ்திரி அவனைக் கடைசியாகத்தான் கவனித்தார்.

"ஏனுங்க, யாரு நீங்க?"

"ஐயா பாத்துக் குடுங்க."

"என்னத்தப் பாத்துக் குடுக்கறது? யார் சொல்லி இங்க நிக்கறீங்க?"

அவன் இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்தான். அவன் ஊரில் இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில்.

முன்னால் நின்ற ஒரு பெண் கூடையைக் கீழே வைத்தாள். "ஏ மேஸ்திரி, யாரு இந்தப் புது ஆளு? எங்களுக்கே வாரத்துல பாதி நாளு இல்லைன்னு திருப்பி அனுப்பறீங்க. சிலோன்ல இருந்து ஆளு எறக்கியாச்சா?"

"நான் கூப்படலீங்கம்மா. எங் கொழந்தை மேல சத்தியமா எனக்கு யாருன்னே தெரியாது."

"தெரியாதவனத்தான் நம்ம வரிசைல நிக்க வெச்சிருக்கீங்களா?"

"இன்னைக்கு ஒருத்தன் நிப்பான். நாளைக்கு லாரில வந்து எறங்குவாங்க" என்றாள் இன்னொருத்தி. அவளும் கூடையை வைத்தாள். பிறகு அந்த வரிசையில் எல்லாக் கூடைகளும் கீழே இறங்கின.

மேஸ்திரிக்கு வேறு வழியில்லை. தான் கூட்டிவரவில்லை என்று எல்லார் முன்னாலும் காட்டியாக வேண்டும். அவன் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே தள்ளினார். "போய்யா. போயிரு."

அவன் போகவில்லை. களத்தின் ஓரத்துக்குப் போய், துண்டை மடியில் வைத்துக் குந்தினான்.

"பாத்தீங்களா, உக்காந்துட்டான்! நம்ம முன்னாடியே தர்ணா பண்றானாம்!"

மரியாதைக்காக உட்கார்ந்தான் என்று அங்கே யாருக்குத் தெரியும்? சத்தம் அதிகமானது. யாரோ மண்ணாங்கட்டி ஒன்றை எறிந்தார்கள். அது அவன் மேல் படவில்லை, முன்னால் விழுந்து உடைந்தது. கீழேயிருந்து தோட்டத்து ஜீப் வந்தது. எட்டு மணிக்குள் கலைய வேண்டிய வரிசை எட்டரை தாண்டியும் கலையவில்லை. கடைசியில் தோழனின் அப்பா காவல்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "தம்பி, எந்திரிங்க. சொன்னாக் கேளுங்க, எந்திரிங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் எழுந்து வரிசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தான். அதற்கும் அந்தப் பெண்கள் கத்தினார்கள்.

பத்து மணிக்கு ஃபேக்டரி வாசலுக்குப் போனோம். போக வேண்டாம் என்று தோழனின் அப்பா சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் போயிருப்பான். டீமேக்கர் வெளியே வந்தார். அவனிடம் பேசாமல் தோழனின் அப்பாவிடம் பேசினார்.

"ஏனுங்க, காலைல மஸ்டர்ல உக்காந்தது இவருதானா?"

"தெரியாமப் பண்ணிட்டாருங்க. அவங்க ஊரு வழக்கம் அது."

"இருக்கலாமுங்க. நல்ல வேலைக்காரராவே இருக்கலாம். ஆனா இன்னைக்கு இவர நான் உள்ள உட்டா நாளைக்கு ஒரு கூடை எல உள்ள வராதுங்க."

அவர் சொன்னதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேல்மாடி ஜன்னல்கள் திறந்திருந்தன. வாடும் கொழுந்தின் வாசனை வாசல்வரை வந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

"அடுத்த மாசங்க?" என்றான். அவன் அவரிடம் நேராகப் பேசியது அது ஒன்றுதான்.

"இல்லீங்க. வேற எங்காவது பாருங்க."

ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு ஒரே ரோடு. பிரிவே கிடையாது. தோழனின் அப்பா வேலையிருக்கிறது என்று நின்றுவிட, நாங்கள் இருவரும் நடந்தோம். ஒரு வளைவில் விறகு கொண்டுவந்த ஒருவரை அவன் நிறுத்தினான். "அரவேணுக்கு இப்புடித்தானே போகணும்?" அவர் ஆமாம் என்றார். கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்டிக்கடையில் மறுபடியும் கேட்டான். வீடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகும், எதிரே வந்த ஒரு கிழவரிடம் கேட்டான்.

"அந்தா தெரியுதுல்ல?" என்றேன் நான்.

"தெரியுது. சும்மா கேட்டன்" என்றான்.

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த வருடமே அவர்கள் கப்பல் ஏறினார்கள். முகாமிலிருந்து எங்கோ தெற்கே, கல் உடைக்கும் இடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டதாக என் அப்பா எழுதினார். ஊர்ப் பெயரை அவர் எழுதவில்லை, அவருக்கும் தெரியாது. நான் படிப்பு முடிந்தும் திரும்பிப் போகாமல் குன்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகிவிட்டேன். எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. மலைக்குத் தப்பி வந்தவர்கள் இருக்கும் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும், மஞ்சூர் வரைக்கும், போய்க் கேட்டிருக்கிறேன். அவனைத் தெரிந்தவர்கள் இல்லை. வழி கேட்காதவன் என்று சொல்லியும் கேட்டுப்பார்த்தேன்.

அன்று மாலை நாங்கள் தோழனின் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்தது. முதலில் கீழே இருந்த தேயிலையை மூடியது, பிறகு ரோட்டை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அம்மாகிட்ட என்னா சொல்றது?"

"இன்னும் ரெண்டு தோட்டம் பாப்போம். மஞ்சூர்ப் பக்கம்..."

"வேணாம் மச்சான். எல்லாத் தோட்டத்துலயும் வரிசைக்குக் கடைசில ஆளு இருக்கும்." துண்டை உதறி மறுபடி மடித்தான். பிறகு, "கீழ எப்புடி இருக்கும்?" என்றான்.

"நீ அந்த வழியாத்தானே வந்தே?"

"வெயிலத் தாண்டித்தான் வந்தன். நின்னு பாக்கல்ல."

தோழனின் அப்பா வந்து, உள்ளே வந்து உட்காருங்கள், குளிர்கிறது என்றார். அவன் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றான்.

மறுநாள் காலை முதல் வேலையாக ரோட்டுக்கு வந்தோம். ஊட்டிக்குப் போகும் பக்கத்தில் நிற்காமல் அவன் எதிர்ப்பக்கம் போய் நின்றான். முதல் பஸ்ஸில் மலையடிவாரத்துக்கு, மேட்டுப்பாளையத்துக்கு, இறங்கினோம். பஸ் நிலையத்தில் நிழல் இருந்தது, பெஞ்சும் காலியாக இருந்தது. அவன் வெளியே போய், வெட்டவெளியில், குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றாமல் வெயிலில் நின்றான். நானும் போய் அருகில் நின்றேன். நெற்றியில் வந்த வியர்வை கழுத்துக்கு இறங்கிய பிறகு கேட்டான்.

"இது காலை வெயில்தானே? இன்னும் ஏறுமா?"

ஏறும் என்றேன்.